படுத்தவனெல்லாம் நடிகனா?

உள்ளூர் கால்பந்தில் காயம்பட்டதாக நடிப்பவர்களை ஒழிக்க நண்பர் ஒருவர் வழி சொல்லி எழுதியிருக்கிறார். யார் விழுந்தாலும் ரெஃபரி விசிலைத் தொடக்கூடாது. ஆட்டம் ஓடட்டும். படுத்தவன் தானாக எழுந்தால் உடனே மஞ்சள் அட்டை. விசில் ஊதுகிறவர் கோழையாம். பல வருடம் கேலரியில் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறாராம். கேலரியிலிருந்து பார்த்தால் எல்லாக் காயமும் நடிப்பாகத்தான் தெரியும். விழுந்தவன் எதிர் டீம்காரன் என்றால் சந்தேகமே வேண்டாம்.

சாட்சிக்கு அவர் அழைப்பது 2002 உலகக் கோப்பை ரிவால்டோவை. துருக்கியின் ஹகான் உன்சால் உதைத்த பந்து காலில் பட, முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தாரே, அவரைத்தான். சரி, அன்று நடந்தது என்ன? ரெஃபரி ஏமாந்தார், உன்சால் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குச் சுமார் 11,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்தது. உலகக் கோப்பை ரெஃபரியே ஏமாந்த இடத்தில், லைனில் கொடி பிடிக்க ஆள் கிடைக்காத, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானத்து ரெஃபரி ஒரே பார்வையில் தீர்ப்பெழுத வேண்டுமாம். தன் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தானே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார் மனிதர்.

அவர் கூப்பிடாத சாட்சி ஒருவர் உண்டு. 2004 டிசம்பர் 5, பெங்களூரு, ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த வேகத்தில் மோகன் பகான் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். உயிர் பிழைக்கவில்லை. படுத்தவனைக் கண்டுகொள்ளாதே என்று அந்த மைதானத்தில் போய்ச் சொல்லட்டும்.

'தானாக எழுந்தால் அட்டை' என்பது இன்னும் அபத்தம். கணுக்காலில் ஸ்டட் ஏறினால் முதல் அரை நிமிடம் உயிர் போகும். பையன் உருளுவான், கத்துவான். ஸாக்ஸை இறக்கிப் பார்த்தால் தோல் வழன்று, சுற்றிலும் சிவந்திருக்கும். அப்புறம் நொண்டி நொண்டி ஓட ஆரம்பித்துவிடுவான். எழுந்ததற்காக அவனுக்கு அட்டை காட்டினால், அடுத்த முறை உண்மையாக அடிபட்டவனும் எழப் பயந்து படுத்தே கிடப்பான். நடிக்கிறவனோ ஸ்ட்ரெச்சர் கேட்பான்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. காயம் பலமென்று பட்டால் நிறுத்து, லேசென்று பட்டால் பந்து வெளியே போகும்வரை ஆடவிடு என்று அது ரெஃபரியின் கணிப்பில்தான் விட்டிருக்கிறது. நடிப்பைக் கண்ணால் பார்த்தால் மஞ்சள் அட்டையும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து வேறு: காயமென்று சிகிச்சை பெற்றவன் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே போக வேண்டும்; ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு ரெஃபரி சைகை காட்டினால்தான் உள்ளே. செவன்ஸில் ஒருவன் குறைந்தால் டீம் தள்ளாடும். "டேய், எழுந்திரிடா" என்று அவன் கோச்சே கத்துவார்.

இந்த மருந்து எப்போதுமே கேட்காத ஆள் கோல்கீப்பர். அவர் மைதானத்திலேயே சிகிச்சை பெறலாம், வெளியே போக வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு கோல் முன்னிலையில், டீமுக்கு மூச்சு வாங்கும் கடைசி ஐந்து நிமிடத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவராகவே இருக்கிறார். மற்ற ஆறு பேரும் அதற்குள் தண்ணீர் குடிக்க லைனுக்கு ஓடியிருப்பார்கள். ரெஃபரிகளான எங்களை உண்மையில் திணறடிக்கும் நடிப்பு இது. நண்பரின் நீண்ட கட்டுரையில் கோல்கீப்பரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.