செலவுக்குக் கணக்கு உண்டு. செயலுக்குக் கணக்கு எங்கே?

திகனக்கு அண்மையில் மகாவலியை மறித்து நிற்கிறது விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரமுள்ள அவ்வணை 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அது எழுந்த நாட்களில் வேலை எவ்வளவு நடந்தது என்றறிய எவரும் ஏடு புரட்ட வேண்டியதில்லை, கண்ணே சாட்சி. ஆனால், பேராதனையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பொதுப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதற்கு எது சாட்சி? செலவுச்சீட்டா?

ஓர் உதாரணம் கொள்வோம். மிளகுக்கொடியின் வாடல் நோயை ஆராய 20 மாதம், 40 இலட்சம் ரூபா. பத்தாம் மாத முடிவில் 20 இலட்சம் செலவாக வேண்டும், செலவாகியும் விட்டது. கணக்கு நேர்! எவர் குறை சொல்வார்? ஆனால், உண்மையில் முடிந்த பணியின் பெறுமதி 12 இலட்சமே என்றால்? ஒவ்வொரு ரூபாவுக்கும் 60 சதப் பணியே கிடைத்திருக்கிறது. இதே வீதத்திற் சென்றால், முழுப் பணிக்கும் ஏறத்தாழ 67 இலட்சம் வேண்டும். இவ்வுண்மையை இறுதி நாளில் அன்று, பத்தாம் மாதத்திலேயே காட்டுவதுதான் ‘ஈட்டிய மதிப்பு’ முறை. திட்டமிட்ட மதிப்பு, ஈட்டிய மதிப்பு, மெய்ச்செலவு என மூன்றே எண்கள். 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் ஒப்பந்தகாரர்களுக்கு விதித்த ஒழுங்கு இது.

“கண்டுபிடிப்பைக் கால அட்டவணையில் அடைக்கலாமா?” என்று அறிஞர் சினப்பர். அடைக்கச் சொல்லவில்லை, ஐயா! பாத்தி அமைத்தல், மாதிரி எடுத்தல், பரிசோதித்தல், அறிக்கை எழுதுதல் என்று நீங்களே வகுத்த படிகள் முடிந்தனவா என்றே கேட்கிறோம். எதிர்பார்த்த முடிவு கிட்டாவிடினும் முடித்த பரிசோதனைக்கு மதிப்பு உண்டு. பாதி முடிந்தது என்னும் வாய்ச்சொல்லுக்கே மதிப்பில்லை.

தோட்டத்திலே கொழுந்து நிறை குறைந்தால் தொழிலாளிக்கு அரைப்பேர். நிறுவைத் தராசு அவளுக்கு மட்டுந்தானா? அவள் வரியும் சேர்ந்த பணத்தில் ஆராய்பவருக்கு இல்லையா?

இம்முறை ஆராய்வோரை வதைக்கும் சாட்டையும் அன்று. செலவும் செயலும் சமமாக நிற்க, திட்டம் மட்டும் முன்னே ஓடியிருந்தால், ஆய்வாளர் பணத்தை வீணாக்கவில்லை என்பது தெளிவு. பணத்தை உரிய காலத்தில் விடுவிக்காத திறைசேரியும் அப்போது கூண்டில் ஏறித் தீரவேண்டும்.

சட்டம் துணை நிற்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. எனவே நாம் கோருவது இரண்டு. பொதுப்பணம் பெறும் ஒவ்வோர் ஆராய்ச்சியும் தன் படிகளையும் அவற்றின் பெறுமதியையும் தொடக்கத்திலேயே பதிவுசெய்யட்டும். காலாண்டுதோறும் அம்மூன்று எண்களையும் மக்கள் முன் வைக்கட்டும்.

உழுதவன் களத்தில் நெல்லைக் காட்டுகிறான். பொதுப்பணத்தில் ஆராய்பவரும் தம் விளைவைக் காட்டட்டும்!