மஞ்சள் மேலங்கி உணர்த்துவது

புவி வெப்பமடைதலைத் தடுக்க வகுக்கப்படும் திட்டங்களைப் பொதுமக்கள் எதிர்க்குந்தோறும், ‘அவர்களுக்கு அறிவியல் தெரியாது’ என்று கற்றோர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. 2018ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் நிகழ்ந்ததை நினைந்து பார்த்தல் நலம்.

அந்நாட்டில் எரிபொருள் மீது 2014 முதல் கரிவளி வரி உண்டு. டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய அது 2018இல் 44.60 யூரோ ஆயிற்று. 2019 சனவரியில் டீசல் வரியை லிட்டருக்கு மேலும் 6.5 சென்டு உயர்த்த அரசு முனைந்தது. நவம்பர் 17ஆம் நாள் இலட்சக்கணக்கானோர் சாலைகளை மறித்தனர். ஒவ்வொரு வாகனத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய மஞ்சள் மேலங்கியே அவர்தம் சின்னமாயிற்று.

அவர்கள் வாதத்தைச் செவிமடுத்தல் வேண்டும். பேருந்தோ இரயிலோ செல்லாத சிற்றூரார்க்குச் சொந்த வாகனம் ஆடம்பரமன்று; பிழைப்பு. பல்லாண்டுகளாகக் குறைந்த வரி விதித்து டீசல் வண்டியை வாங்கத் தூண்டியதும் அரசே. பின்னர் அதற்கே தண்டம் விதித்ததும் அரசே! விமான எரிபொருளுக்கோ அவ்வரி இல்லை. அதே 2018இல் பெருஞ்செல்வர்க்கான சொத்துவரி, நிலம் வீடு நீங்கலாக ஏனையவற்றிற்கு நீக்கப்பட்டது. ஆள்வோர் உலக முடிவைப் பற்றிக் கவல்கின்றனர். நாங்களோ மாத முடிவைப் பற்றிக் கவல்கிறோம் என்ற முழக்கம் எழுந்ததில் வியப்பென்ன?

(வரிக்கு ‘இறை’ என்றும் தமிழில் பெயர், அரசனுக்கும் அதுவே பெயர். சொல்லே ஒரு வரலாறு.)

அரசியலார் இதனையும் விட்டுவைக்கவில்லை. பாரிசு உடன்படிக்கை தோற்றதற்கு இதுவே சான்றென்றார் அமெரிக்க அதிபர் டிரம்ப். உடன்படிக்கை கண்டது 2015இல். வரியோ அதற்கு முந்தியது. வெப்பமடைதல் பற்றி அறிவியலாளரிடையே உறுதியில்லை என்னும் எண்ணத்தை நிலைநிறுத்துமாறு, 2002 அளவிலேயே குடியரசுக் கட்சியினர்க்கு அறிவுரை எழுதித் தந்தவர் பிராங்க் லன்ட்சு என்பாரையும் ஈண்டு நினைக்கலாம். மறுபுறம் பிரெஞ்சு ஆட்சியாளர் செய்ததும் திரிபே என்பது நம் கருத்து. கரிவளி குறைய வேண்டும் என்பது அறிவியல் முடிபு. சுமையை எவர் தலையில் ஏற்றுவது என்பது அரசின் முடிபு. பின்னதற்கு முன்னதன் போர்வையைப் போர்த்தினர்.

2018 டிசம்பரில் அவ்வுயர்வு கைவிடப்பட்டது. 2019 அக்டோபரில், நம் உத்திரமேரூர்க் குடவோலையைப் போலக் குலுக்கல் முறையில் 150 குடிமக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வல்லுநர்களோடு அமர்த்தப்பட்டனர். 2020 சூனில் 149 பரிந்துரைகளை அவர்கள் அளித்தனர். நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 110 கிலோமீட்டராகக் குறைக்க அப்பொதுமக்களே வேண்டினர். பெரும் ஈவுத்தொகைகள் மீது 4 விழுக்காடு வரி கேட்டவரும் அவர்களே. அவ்விரண்டையும் ஏற்க மறுத்தவர் அதிபர் மக்ரோன்.