லினக்ஸ் ஆபீசுக்கு ஆகாதாம்!

போன வாரம் நண்பர் வீட்டு விருந்தில் மறுபடியும் அதே பல்லவி. "லினக்ஸெல்லாம் சர்வருக்குத்தான் சார். கிளார்க் உட்கார்ற மேசைக்கு ஆகாது." சாப்பாட்டு நேரத்தில் சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன். இங்கே விடுறதா இல்லை.

டெக்னோபார்க்கில் வேலை பார்த்தபோது கழக்கூட்டத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஓனர் மகள் அப்போ பத்தாவது. "சேட்டன்றெ கம்ப்யூட்டரில் ஜிம்ப் உண்டோ?"ன்னு கேட்டாள். ஐ.டி. கம்பெனிக்காரனான எனக்கு ஜிம்ப்னா என்னன்னே தெரியாது :-) அவளுக்கு அதுதான் பாடம், அதுதான் பரீட்சை.

இதில்தான் சூட்சுமமே இருக்கு. கேரளா 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தை ஆரம்பிச்சது. அதே வருஷம் ரிச்சர்ட் ஸ்டால்மேன் திருவனந்தபுரம் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கி வெச்சார். பள்ளிகளை லினக்ஸுக்கு மாத்தினப்போ வெறும் சிடி கொடுத்துட்டுப் போகலை. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, புத்தகத்தை மாத்தினாங்க, பரீட்சையையே அதில் வெச்சாங்க. 2019-ல் புது பதிப்பு 2 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போகுது, மிச்சம் 3000 கோடின்னு கைட் நிறுவனம் சொன்னது. வகுத்துப் பாருங்க, மெஷினுக்கு ஒன்றரை லட்சம்! கொஞ்சம் தாராளமான கணக்குதான். அதில் பத்தில் ஒரு பங்குன்னு வெச்சாலும் சின்னத் தொகையா?

சரி, அது ஸ்கூல். ஆபீஸ்? கேரள மின்வாரியத்தின் சொந்த ஆட்களே கட்டற்ற மென்பொருளில் 'ஒரும' என்ற பில்லிங் மென்பொருளை எழுதி, பணம் கட்டும் கவுண்டரில் ஓட்டிக் காட்டினாங்க. கவுண்டரில் உட்கார்றவர் கிளார்க் இல்லாம வேற யாரு?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2011-ல் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்க சித்தப்பா பொண்ணு பாஸை ஒருநாள்கூடத் திறக்கலை. ஏன் திறக்கணும்? அதை வெச்சு ஒரு வேலையும் யாரும் அவளுக்குக் கொடுக்கலையே.

உடனே மியூனிக்கை இழுப்பீங்க. சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாத்தின நகராட்சி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செஞ்சது உண்மை. ஆனா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அங்கே ஆபீஸ் நடந்ததே! மேயர் மாறினார், முடிவும் மாறுச்சு. ஆக, மேசைக்கு ஆகுமா ஆகாதான்னு தீர்மானிக்கிறது லினக்ஸ் இல்லை, மேலே உட்கார்ந்து உத்தரவு போடுறவங்க.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 ஏறாத நல்ல மெஷின்கள் எத்தனை ஆபீஸில் கிடக்கு! அதையெல்லாம் குப்பையில் போட்டுட்டுப் புதுசு வாங்கப் போறது யார் பணம்? ஊரில் இருக்கும் நம்ம அப்பா அம்மா கட்டும் வரிப்பணம்.

"ஆகாது"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரே கேள்வி: முயற்சி பண்ணிட்டுச் சொல்றீங்களா, பழக்கத்தில் சொல்றீங்களா?