சின்னக் கார் போதுமா? தேர்த் திருவிழாவை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்

ஆகஸ்ட் மாதம் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேரன்று சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். எங்கு பார்த்தாலும் ஏழு இருக்கை வாகனங்கள், உயரமான எஸ்.யு.வி.க்கள். பட்டு வேட்டி, அர்ச்சனைத் தட்டு, அம்மம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஆறேழு பேர் இறங்குவார்கள். அன்றைக்கு அந்தப் பெரிய வாகனம் தேவைதான். ஆனால் மறுநாள் காலையில் அதே வாகனத்தில் ஒரேயொருவர் ஏறி, மூன்று மைல் தூரத்தில் இருக்கிற வேலைக்குப் போகிறார். பின்னால் ஆறு இருக்கைகள் சும்மா போகின்றன.

வருடத்தில் எத்தனை நாள் தேர், எத்தனை நாள் வேலை? இங்கிலாந்தில் ஓடுகிற ஒரு காரில் சராசரியாக இரண்டு பேர்கூட இருப்பதில்லை என்று அரசின் பயணக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. நாங்களும் இந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறோம். ஆனால் கார் வாங்கப் போகும்போது மட்டும் எங்கள் மனதில் நிற்பது கல்யாணவீடும், தேரும், ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊரிலிருந்து வந்து இறங்கும் பெரியம்மாவின் இரண்டு சூட்கேஸ்களும்தான்.

நாளாந்தம் ஓட ஒரு சின்னஞ்சிறு நகரக் கார் போதுமா என்று கேட்டால், நகரத்தில் வாழும் எங்கள் குடும்பங்களில் பலவற்றுக்குப் போதும் என்பதே எமது கருத்து. எல்லோருக்கும் அல்ல. எந்தச் சின்னக் காரும் சரி என்றும் அல்ல. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

எது சின்னக் கார்?

இதில் இரண்டு சாதி இருக்கிறது. முதலாவது, டொயோட்டா அய்கோ எக்ஸ், ஹியுண்டாய் ஐ10, கியா பிக்கான்ரோ போன்றவை. நீளம் 3.6 முதல் 3.7 மீற்றர் வரை. பெரும்பாலும் ஒரு லீற்றர் அளவு எஞ்சின். உருவம் சின்னதென்றாலும் இவை முழுமையான கார்கள். மோட்டர்வேயில் ஓடலாம்.

இரண்டாவது, சித்ரோன் அமி போன்ற நாற்சக்கர மின் வண்டிகள். 2.41 மீற்றர் நீளம், இரண்டு இருக்கை, மணிக்கு 45 கிலோமீற்றர் வேகம், ஒரு சார்ஜில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் ஓட்டம். பார்க்க வடிவாக இருக்கும். வீட்டுப் பிளக்கில் செருகினால் சில மணித்தியாலங்களில் நிறைந்துவிடும். பிரான்சில் 14 வயதுப் பிள்ளையே அதற்குரிய உரிமத்தோடு ஓட்டலாம். ஆனால் சட்டப்படி இது கார் அல்ல. மோட்டர்வேயில் ஏற்ற முடியாது. காருக்கு விதிக்கப்படும் மோதல் சோதனைகளும் இதற்குக் கட்டாயமில்லை, காற்றுப்பையும் கிடையாது. தெருவுக்குத் தெரு கடை, வேலை என்று ஓடுகிற ஒருவருக்கு இரண்டாவது வண்டியாக இது உதவலாம். ஒரு குடும்பத்தின் ஒரே வாகனமாக இதை வாங்காதீர்கள். இனி நாங்கள் கதைப்பது முதலாவது சாதியைப் பற்றி.

காசு எங்கே மிஞ்சுகிறது, எங்கே மிஞ்சாது

‘சின்னக் கார் என்றால் வரி குறைவு’ என்று எங்கட ஆக்கள் இன்னும் சொல்லுவினம். பிரித்தானியாவில் அது பாதி உண்மைதான். 2017 ஏப்ரலுக்கு முன்னர் பதிவான கார்களுக்குப் புகை அளவை வைத்து வரி. கிலோமீற்றருக்கு 100 கிராமுக்கு மேற்படாமல் கரியமிலவாயு விடும் பழைய சின்னக் கார்களுக்கு 2025 ஏப்ரலில் வருடம் 20 பவுண்ஸ்தான். அதன் பிறகு பதிவான கார்களுக்கோ, முதல் வருடம் போனதும் எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை வரி. அதே 2025 ஏப்ரலில் அது 195 பவுண்ஸ். புதிய ஐ10 வாங்கினாலும் சரி, அதைவிட இரண்டு மடங்கு பெரிய வாகனம் வாங்கினாலும் சரி, அந்த அடிப்படை வரி மாறாது. ஆகவே வரியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. வருடம் 8,000 மைல், அதாவது ஏறத்தாழ 12,900 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். சின்னக் கார் 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் குடிக்கும், பெரியது 8 லீற்றர் குடிக்கும் என்றால் வித்தியாசம் ஏறத்தாழ 387 லீற்றர். லீற்றர் 1.40 பவுண்ஸ் என்று போட்டால் 540 பவுண்ஸ். சின்ன ரயர், சின்ன பிரேக் என்று திருத்தச் செலவும் குறையும். பல மாநகரசபைகள் வீட்டு வாசலில் நிறுத்தும் அனுமதிக்கே புகை அளவைப் பார்த்துக் காசு வாங்குகின்றன.

லண்டனில் யூலெஸ் கட்டணம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. நாளுக்கு 12.50 பவுண்ஸ். பழைய டீசல் வாகனத்தை வாரம் ஐந்து நாள், வருடம் 48 வாரம் வேலைக்கு எடுத்தால் 3,000 பவுண்ஸ் போய்விடும். இதில் வயதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2006இல் வந்த ஒரு சின்னப் பெற்றோல் கார் பெரும்பாலும் இந்தக் கட்டணத்துக்குள் வராது, 2014இல் வந்த பெரிய டீசல் வாகனம் பெரும்பாலும் வரும்.

பாரிஸிலும் இதே காற்றுத்தான். 2024 பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, அந்த வருடம் ஒக்டோபர் 1 முதல், வெளியிலிருந்து வந்து நிறுத்தும் பாரமான கார்களுக்கு நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ. 1.6 தொன் எடையைத் தாண்டிய பெற்றோல், டீசல் கார்கள் இதற்குள் வரும். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு இருக்கும் 10ஆம் வட்டாரம் அந்தப் பகுதிதான். புறநகரிலிருந்து பெரிய காரில் வந்து, கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால், தரிப்பிடக் காசு மரக்கறிக் காசைத் தாண்டிவிடும்.

கார்கள் பெருத்துக்கொண்டே வருவதால்தான் நகரங்கள் இப்படி யோசிக்கின்றன. ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்ரிமீற்றர், 2023இன் முதற் பாதியில் 180.3 சென்ரிமீற்றர். பிரித்தானியத் தரிப்பிடக் கட்டங்களின் வழக்கமான அகலமோ இன்னும் 2.4 மீற்றர்தான். கதவைத் திறக்க முடியாமல் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

பதினேழு வயதுப் பிள்ளையின் காப்புறுதி

சின்னக் காரின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. பிரித்தானியாவில் காப்புறுதிக்காகக் கார்களை 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரிக்கும் முறை நீண்டகாலமாக இருக்கிறது. சின்ன எஞ்சின் கார்கள் அடிக்குழுக்களில் வரும். புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைக்கு அதனால் ஆயிரக்கணக்கில்கூட வித்தியாசம் வரலாம்.

இந்த இடத்தில் எங்கள் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பிள்ளை நாளாந்தம் ஓட்டுகிற காருக்கு ‘அப்பாதான் முதன்மை ஓட்டுனர்’ என்று எழுதி, பிள்ளையை இரண்டாவது பெயராகச் சேர்ப்பது. எல்லோரும் செய்யினம்தானே என்று சொல்வார்கள். இது மோசடி. விபத்து நடந்தால் காப்புறுதியே செல்லாமல் போகலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றம் பிள்ளையின் தலையில் விழுந்தால் குறைந்தது ஆறு புள்ளிகள். உரிமம் எடுத்த முதல் இரண்டு வருடங்களுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமமே பறிபோகும், திரும்பவும் முதலிலிருந்து படித்துச் சோதனை எடுக்க வேண்டும். அப்பாவின் பெரிய காரில் பொய் எழுதி ஓட விடுவதைவிட, ஒரு சின்னக் காரில் பிள்ளையின் சொந்தப் பெயரில் உண்மையாகக் காப்புறுதி எடுத்துக் கொடுங்கள். பிள்ளைக்கென்று ஒரு நல்ல பதிவும் வருடா வருடம் சேரும்.

யாருக்குச் சரிவராது

மூன்று சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சரிவராது. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குரிய இருக்கை கட்டாயம். அய்கோ எக்ஸில் மொத்தமே நான்கு பேர்தான் இருக்கலாம். ஐந்து பேர் இருக்கக்கூடிய பிக்கான்ரோவிலும் மூன்று பிள்ளை இருக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்துவது பெரும்பாடு. கைக்குழந்தையின் பின்நோக்கிய இருக்கையைப் போட்டாலே முன்னால் இருப்பவர் முழங்காலை மடக்க வேண்டிவரும்.

முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மாவை அடிக்கடி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் வீடும், இரவு வேலைக்கு மோட்டர்வேயில் நீண்ட தூரம் ஓடுபவரும் கொஞ்சம் பெரிய காரைப் பார்ப்பதே நல்லது. ஓட்டோமற்றிக் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள், எங்கள் பெண்களில் பலர் அப்படித்தான், ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சில சின்னக் கார்களின் ஓட்டோமற்றிக் கியர் உண்மையில் தானாக மாறும் மனுவல் கியர்தான். ஏற்றத்திலும் நெரிசலிலும் குலுக்கும்.

பாதுகாப்பையும் மறைக்கக் கூடாது. இரண்டு வாகனம் மோதினால், பாரம் குறைந்ததில் இருப்பவருக்குத்தான் அடி கூட. இது பௌதிகம், எந்த விளம்பரமும் இதை மாற்றாது. 20 மைல் வேகத் தெருக்களில் இந்த ஆபத்து குறைவு, 70 மைல் பாதையில் கூட. சின்னக் கார்களுக்குள்ளேயும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது. யூரோ என்கேப் சோதனையில் 2018இல் பியற் பண்டா ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2021இல் டாசியா ஸ்பிரிங் ஒரேயொரு நட்சத்திரம் பெற்றது. 2020இல் ஐ10 மூன்று பெற்றது. நிறத்தைப் பார்க்க முதல் இந்த நட்சத்திரத்தைப் பாருங்கள். இலவசமாக இணையத்தில் இருக்கிறது.

ஆக்கள் என்ன நினைப்பினம்?

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். சாமத்தியவீட்டு மண்டப வாசலில் சின்னக் காரில் போய் இறங்கினால் ஆக்கள் என்ன நினைப்பினம் என்ற யோசனை.

இந்த யோசனை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் 2009இல் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று ஆரவாரத்தோடு வந்த டாடா நானோ 2018இல் நின்றுபோனது. மலிவுக் கார் என்ற பெயரே அதற்கு வினையாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னர் சொன்னார். ஏழையின் கார் என்று முத்திரை குத்தியதை ஏழைகூட வாங்க விரும்பவில்லை.

ஆனால் ஊரையே பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓடித் திரியும் சுசுகி வாகன் ஆர், ஜப்பானின் சின்னக் கார் விதிக்குள் செய்யப்பட்டது. 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி எஞ்சினைத் தாண்டக்கூடாது என்பது அந்த விதி. விடுமுறைக்குப் போகும் நாங்கள் அதில் ஐந்து பேர் ஏறி நல்லூருக்கும் கீரிமலைக்கும் போகிறோம். அங்கே குறையாத கௌரவம் ஹரோவில் ஏன் குறைய வேண்டும்? மாதாமாதம் தவணை கட்டக் கூடுதல் நேர வேலைக்கு ஓடி, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை இழந்து, அந்தப் பெரிய காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைப்பதில் என்ன கௌரவம்?

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சின்னக் கார்கள் சந்தையிலிருந்து குறைந்து வருகின்றன. பேஜோ 108, சித்ரோன் சி1 இரண்டும் நின்றுவிட்டன. வொக்ஸ்வாகன் அப் 2023இல் நின்றது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியும் பாதுகாப்புக் கருவியும் சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. அதனால் சின்னக் காரில் கம்பனிக்கு இலாபம் இல்லை. புதியது வாங்க 15,000 பவுண்ஸுக்கு மேல் வேண்டியிருக்கும். எங்களில் பலருக்கு ஏற்றது, சேவைப் பதிவு ஒழுங்காக உள்ள ஐந்தாறு வருடப் பழைய கார்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை பேர், எத்தனை மைல், என்ன சாமான் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் போனிலேயே எழுதி வைப்பார்கள். நான்கு பேருக்கு மேல் ஏறிய நாட்கள் மாதத்தில் இரண்டோ மூன்றோ என்றால், அந்த நாட்களுக்கு ஏழு இருக்கை வாகனத்தை வாடகைக்கு எடுங்கள், அல்லது சித்தப்பாவின் காரில் போங்கள். மிச்ச நாட்களுக்குச் சின்னக் கார் போதும்.

கொப்பி வேறு கணக்குச் சொன்னால் பெரியதையே வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முடிவை அந்தக் கொப்பி எடுக்கட்டும். மண்டப வாசலில் நிற்கிற ஆக்களின் கண் எடுக்க வேண்டாம். உங்கள் தவணையை அவர்கள் கட்டப் போவதில்லை.