ஈவ்ஷாம்: வெற்றி வேறு, முடிவு வேறு

1265 ஓகஸ்ட் 4ஆம் திகதி ஈவ்ஷாமில் நடைபெற்ற சமருடன் இங்கிலாந்துப் பிரபுக்களின் கிளர்ச்சி முடிவுக்கு வந்தது என்று எழுதிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வென்றவர்களுக்கு மிக வசதியான வாக்கியம் இது. ஆனால், உண்மைக்குப் புறம்பானது.

மூன்றாம் ஹென்றி மன்னரைத் தன் பிடியில் வைத்திருந்தவரும், அவ்வாண்டு ஜனவரியில் நகரங்களின் பிரதிநிதிகளையும் பாராளுமன்றத்துக்கு அழைத்தவருமான சைமன் டி மொன்ட்போர்ட், ஏவன் ஆற்றின் வளைவுக்குள் இளவரசர் எட்வேர்டின் படையிடம் சிக்கினார். பிடிபடும் பிரபுக்களை மீட்புப்பணம் பெற்று விடுவிப்பதே அக்காலப் போர் மரபு. அன்று அம்மரபு கைவிடப்பட்டது. சைமனின் உடல் துண்டாடப்பட்டது. தலை, ரோஜர் மோட்டிமரின் மனைவிக்குப் பரிசாக அனுப்பப்பட்டது.

அதோடு நின்றார்களா? செப்டெம்பரில் வின்செஸ்டரில் கூடி, சைமனின் ஆதரவாளர்களது நிலங்கள் அனைத்தையும் பறித்தெடுத்தனர். இழப்பதற்கு எதுவுமே மிஞ்சாதவன் எதற்காக ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும்? கெனில்வேர்த் கோட்டை 1266 டிசெம்பர் வரை பணியவில்லை. ஈலித் தீவு 1267 கோடை வரை பணியவில்லை. ஈவ்ஷாமில் எட்வேர்டின் பக்கம் நின்று போரிட்ட குளோஸ்டர் பிரபுவே, நிலமிழந்தோருக்காக 1267இல் லண்டன் நகரைக் கைப்பற்ற நேர்ந்தது.

கடுமை காட்டியதனாலேயே அமைதி திரும்பியது என்று வாதிடுவோர் உளர். அவர்கள் 1266 ஒக்டோபரில் வெளியான கெனில்வேர்த் தீர்ப்பைப் படிக்கட்டும். ஆண்டு வருமானத்தின் பன்மடங்கைச் செலுத்தி நிலத்தை மீளப் பெறலாம் என்று அரசே இறங்கிவந்தது. சைமனைப் புனிதர் என்று போற்றலாகாது, அவர் பெயரால் அற்புதங்கள் பேசலாகாது என்றும் அதே தீர்ப்பு விதித்தது. புதைகுழிக்குள் கிடந்தவனுக்கும் அஞ்சிய வெற்றி அது!

சைமனைப் புனிதராக்குவது எனது நோக்கமன்று. 1264இல் அவரது தரப்பினர் லண்டன் யூதர்களைப் படுகொலை செய்ததை எந்தப் பாராளுமன்றப் பெருமையாலும் கழுவிவிட முடியாது. எனினும், 1259இல் பிரபுக்கள் கோரிப் பெற்ற சீர்திருத்தங்களுட் பலவற்றை 1267 நவம்பரில் மார்ல்பரோ சட்டமாக ஏற்றுக்கொண்டவர் அதே ஹென்றி மன்னரே.

இறுதியில் கொடுத்ததை ஈவ்ஷாமுக்கு மறுநாளே கொடுத்திருக்கலாம். கொடுக்க மறுத்த அந்த இரண்டாண்டுகளில் மாண்டவர்களின் இரத்தத்துக்குத் தோற்றவர்களா பொறுப்பு?