நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்

உளப்பிளவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடும் உளநோய்களில் கிளினிக் கொப்பி நோயாளியின் பெயரில் இருக்கிறது. மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதும் இரவில் கண்விழிப்பதும் கிளினிக் நாளில் கூலியை இழப்பதும் கணவன் அல்லது மனைவியின் பாடு. அவரை யாரும் சுகம் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் மருத்துவப்பணி தொடங்கினார். மேலைமருத்துவம் அவ்வளவு முன்னரே வந்த ஊரிலும் உளநோய் இன்னும் வேலிக்குள்தான் மறைக்கப்படுகிறது. செய்வினை என்று காலம் கடத்துவோரும் உண்டு. நேர்த்திக்கடன் ஆறுதல் தரலாம், மருந்துக்கு ஈடாகாது.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே துணைவர் தமக்கென்றும் ஆலோசனை கேட்கலாம், கேட்பவர்கள்தான் குறைவு. தூக்கம் குறைதல், காரணமற்ற சந்தேகம், மாத்திரையை ஒளித்தல் ஆகியவை நோய் திரும்புவதன் முன்குறிகளாகலாம். அவற்றைத் திகதியோடு குறித்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும். தற்கொலைப் பேச்சோ வன்முறையோ தோன்றினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. அங்கொடை தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. துணைவரும் அதில் பேசலாம்.

உறவினர் புத்திமதி சொல்வதை விட்டு, மாதத்தில் ஒரு கிளினிக் முறையைப் பொறுப்பேற்க வேண்டும். வைத்தியசாலைகள் கிளினிக் நாளிலேயே பராமரிப்போருக்கான சந்திப்பொன்றையும் நடத்த வேண்டும்.