ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

"அண்ணா, உபுண்டு 24.04க்கு மாறணும். அப்கிரேட் பண்ணட்டுமா, அழிச்சுட்டுப் புதுசா போடட்டுமா?" ஹாஸ்டல்ல ஜூனியர்ஸ் அடிக்கடி கேட்குற கேள்வி இது. நாம சொல்ற பதிலும் ரெடியா இருக்கும்: "புதுசா போட்டுடு, க்ளீனா இருக்கும்."

நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். போன செமஸ்டர் ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி என் லேப்டாப்லயும் அதையே செஞ்சேன். கோட் எல்லாம் கிட்ஹப்ல பத்திரமா இருந்துச்சு. ஆனா மூணு வாரமா எங்க டீம் எடுத்த சென்சார் ரீடிங் என் ஹோம் ஃபோல்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. அது போயிடுச்சு. டீம்ல மத்த ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க லேப்ல உட்கார்ந்து, முடிஞ்ச அளவு திரும்ப எடுத்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

அதுக்காக அப்கிரேட்தான் பாதுகாப்புன்னு சொல்ல வரல. 22.04ல இருந்து 24.04க்குப் போனா பைத்தான் 3.10லிருந்து 3.12க்கு மாறும். பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்களைத் திரும்ப உருவாக்கணும். நீங்க தனியா சேர்த்த பிபிஏக்களை அப்கிரேட் நிறுத்தி வச்சிடும். ரோபோ ப்ராஜெக்ட் பண்றவங்க கூடுதல் கவனமா இருக்கணும்: ராஸ் 2 ஹம்பிள் 22.04க்கானது, 24.04க்கு ஜாஸி.

என்னைக் கேட்டா, இதுல எது சிறந்ததுங்கிற சண்டையே தேவையில்லாதது. இந்த டிஸ்க் இப்பவே அழிஞ்சா எதெல்லாம் போகும்னு உங்களால ஒரு தாள்ல எழுத முடியுமா? முடிஞ்சா, அதையெல்லாம் வெளியில ஒரு காப்பி எடுத்துட்டு எந்த வழியில வேணாலும் போங்க. முடியலன்னா ரெண்டையும் தொடாதீங்க.

ஹோமைத் தனி பார்ட்டிஷனா வச்சா நல்லது. புதுசா போடும்போது அதை மட்டும் ஃபார்மட் பண்ணாம விட்டுடலாம். ஆனா அதுவும் அதே டிஸ்க்லதான் இருக்கு, அதனால அதை பேக்கப்னு நினைச்சுக்காதீங்க.

அவசரமும் ஒண்ணுமில்ல. எல்டிஎஸ் பதிப்புகளுக்கு 5 வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு, 22.04க்கு 2027 வரைக்கும் வரும். ஃபைனல் ரிவ்யூ முடிஞ்சு நிதானமா மாறிக்கலாம்.

இப்போ ஜூனியர்ஸ் கேட்டா நான் பதில் சொல்றதில்ல. "உன் டேட்டா வேற எங்கடா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்குறேன். பாதிப் பேர் முழிக்கிறாங்க. நீங்க?